டூகல் ரேபர்ன் அவிழ்த்த கில்ட்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணக்கத்துக்குரிய போதகர் மன்றோ அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் துறைமுகக் குழுத் தலைவர் திரு. சின்க்ளேர் அவர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அருமை மார்சலி! ஸ்கார்விக் ஊரின் மீனவர்களே, மீன் ஆலைத் தொழிலாளர்களே, பேக்பைப் ஊதும் குழுவினரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்பவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் எஃபி டன்பாரின் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். டூகல் ரேபர்ன் நல்லவர் என்றார்கள், உழைப்பாளி என்றார்கள், தேவாலயக் கூரைக்கு நிதி திரட்டியவர் என்றார்கள். அவர் இறந்துபோனதை "துரதிர்ஷ்டவசமான சம்பவம்" என்றார்கள். நான்கு பேரும் அதே இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் வாயிலாவது "கில்ட்" என்ற சொல் வந்ததா? வரவில்லை! முப்பது ஆண்டுக்கு மேல் இந்த ஊர் ஆண்களின் இடுப்பில் கில்ட்டை, முழங்கால்வரை வரும் அந்த எட்டு கெஜக் கம்பளி மடிப்புப் பாவாடையை, கட்டிவிட்ட மனிதருக்கு இரங்கல் கூட்டம் போட்டுவிட்டு, கில்ட் என்று சொல்லக் கூசுகிறோம். மீனவனைப் புதைத்துவிட்டுக் கடல் என்று சொல்லமாட்டோம் என்பது போல இருக்கிறது இது.

நான் சொல்கிறேன். இவர் கில்ட் கடை டூகல். "எட்டு கெஜக்காரர்" என்று இந்த ஊர் பட்டம் கொடுத்து அழைத்த டூகல் ரேபர்ன். துறைமுகத் தெருவில், ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில், வாடகைக்குக் கில்ட் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் பின்கட்டில் துவைத்து, மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டவள் நான். அவருடைய முதுகையும் முன்கோபத்தையும் மார்சலிக்கு அடுத்தபடியாக அறிந்தவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் கடைக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் போன கில்ட்டெல்லாம் திரும்பி வரும். குழம்பு கொட்டியது வரும், சேறு அப்பியது வரும், நடனத்தில் வார் பிய்ந்தது வரும். முன்னால் தொங்கும் தோல்பைக்குள் பாதி தின்ற கேக் இருக்கும், வேறு யாருடைய மோதிரமோ இருக்கும். டூகல் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோவார், முகத்தைச் சுளிப்பார், கொண்டுவந்தவனைப் பார்ப்பார்.

"தம்பி, உள்ள ஏதாச்சும் போட்டிருந்தியா?"

"இல்லீங்க. நிஜமான ஸ்காட்டுக்காரன் எவனாச்சும் போடுவானா?"

"நிஜமான ஸ்காட்டுக்காரன் சொந்தக் கில்ட்ல எப்படி வேணா இருக்கட்டும்டா. இது வாடகைக் கில்ட்டு. அடுத்த வாரம் இதைக் கட்டிக்கிட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பொண்ணு கேட்கப் போறாரு. அவரு என்ன பாவம் பண்ணாரு?"

இப்படிக் கேட்டு, வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொருவனுக்கும் அறிவுரை சொல்லி அனுப்புவார். அவர் மட்டும் உள்ளே எதுவும் அணிந்ததில்லை! கேட்டால், "என் துணியை நான் துவைக்கிறேன், எனக்கு நானே வாடகைக்காரன்" என்பார். துவைத்தது நான். அதைச் சொன்னால் சிரிப்பார். சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்தால் முதலில் சிரித்திருப்பார். இந்த விஷயத்தை நான் வேண்டுமென்றேதான் இங்கே எடுத்தேன்.

சுற்றுலா வருகிறவர்கள் கேட்கும் அந்த ஒரே கேள்வி, கில்ட்டுக்கு உள்ளே என்ன என்ற கேள்வி, உங்களுக்குத் தெரியும். பேருந்திலிருந்து இறங்கியதும் கேட்பார்கள், இறங்காமலே சன்னல் வழியாகக் கேட்பார்கள். பால் வாங்கப் போகிற மனிதரை நிறுத்திக் கேட்பார்கள். ஒருமுறை ஓர் அம்மாள் கடைக்குள்ளேயே வந்து, குடையின் நுனியால் அவர் கில்ட்டைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். டூகல் கோபப்படவில்லை.

"உங்க வீட்டுக்காரரை உள்ள அனுப்புங்கம்மா. ஒண்ணு கட்டிவிடுறேன். காத்து எங்க போகுதுன்னு அவரே வந்து சொல்லுவாரு."

அந்த வீட்டுக்காரர் கட்டிக்கொண்டார். அன்று மாலை முழுக்கக் கடற்கரையில் நடந்தார். திரும்பக் கொடுக்கவே மனமில்லாமல் கொடுத்தார்.

டூகலுக்குக் கில்ட் என்பது கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொருள் அல்ல. அதைக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறி ஓடு மாற்றுவார், கால்பந்துக்குப் போவார், பழைய கம்பளிச் சட்டையும் முரட்டுக் காலணியும் போட்டுக்கொண்டு மழையில் உருளைக்கிழங்கு தோண்டுவார். மேற்குக் காற்று அடித்தால் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். தனக்கென்று ஒரு கில்ட் அவர் வைத்துக்கொண்டதே இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வாரம் யாரும் எடுக்காமல் அலமாரியில் தங்கிவிட்டதைத்தான் எடுத்துக் கட்டிக்கொள்வார். யாரும் கேட்காத நிறம், யாரும் விரும்பாத கட்டம். "பாவம், தனியாத் தொங்குது. வெளியில கூட்டிட்டுப் போறேன்" என்பார்.

மீன் ஆலைக்குப் போலந்திலிருந்து வேலைக்கு வந்த ஸ்பிக்னியேவ் இங்கே இருக்கிறாரா? இருக்கிறார், கதவருகே நிற்கிறார். இந்த ஊர்ப் பெண்ணை மணக்கப் போகிறவர் கில்ட் கட்ட ஆசைப்பட்டபோது, குலத்துக்கு ஒரு கட்டம் என்று பெருமை பேசும் நம்மவர்கள் மதுக்கடையில் என்ன சொன்னார்கள்? "உன் குலம் எது? உன் கட்டம் எது? எந்த மலையிலேருந்து இறங்கி வந்தே?" அவர் தலைகுனிந்து எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. டூகல்தான் வெளியே போனார்.

"என்னப்பா, வாசல்லயே நிக்கிறே?"

"எனக்குக் குலம் இல்லீங்களாம்."

"குலம் கிடக்கட்டும். இடுப்பு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உள்ள வா. இடுப்பு இருக்கிறவனுக்கெல்லாம் இங்க கில்ட் இருக்கு."

இப்படிப்பட்ட மனிதரை இனி எங்கே போய்த் தேடுவோம்?

அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமா அவர் கில்ட் கட்டினார்? இந்த ஊரில் ஆண்கள் யார் இறந்தாலும், சவப்பெட்டிக்காரர் எங்கள் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார். டூகல் இஸ்திரிப் பெட்டியோடு கிளம்புவார், நான் ஊசி நூலோடு போவேன். உட்காரும்போது கில்ட்டின் பின் மடிப்புகளைக் கையால் நீவி, தொடைக்குக் கீழே நேராக விட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இறந்தவருக்கு யார் நீவிவிடுவது? டூகல் நீவிவிடுவார். கனத்த உடம்பை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பாகக் கையை உள்ளே விட்டு நேராக்குவார். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருமுறை சவப்பெட்டிக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"போதும் டூகல்! மூடி போட்டா யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க வேண்டாம். இவரு கசங்கின கில்ட்ல ஒரு நாளும் வெளிய வந்ததில்ல. இப்ப மட்டும் ஏன் வரணும்?"

இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருடைய தகப்பன்மார் அப்படிப் போனார்கள்! உங்கள் அண்ணன் போகவில்லையா, சின்க்ளேர் அவர்களே? அந்த அறையில் நானும் இருந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். போதகரே, எனக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தெரியாது. ஒதுக்கியதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. நல்ல வெயில், ஆனால் கடல் பனிக்கட்டியாய்க் கிடந்தது. வெயில் அடிக்கிறதே என்று நம் கடல் எந்த ஏப்ரலில் சூடாகியிருக்கிறது? தேவாலயத்தில் கல்யாணம் முடிந்து, படம் எடுப்பதற்காக எல்லோரும் படகுத்துறைக்கு வந்தோம். மாப்பிள்ளையும் அவர் தோழர்களும் எங்கள் கடைக் கில்ட்டில் இருந்தார்கள். யாருக்காவது வார் தளர்ந்தால் சரிசெய்வதற்காக நானும் டூகலும் போயிருந்தோம். பெண்ணின் தகப்பனார், வழக்கப்படி தேவாலய வாசலிலேயே பிள்ளைகளுக்குக் காசு இறைத்து முடித்திருந்தார். அது சரியாக வந்ததா என்று படம் எடுப்பவருக்குச் சந்தேகம்.

"ஐயா, இன்னொரு தடவை இறைங்க! கடல் பின்னால தெரியும், அருமையா வரும்!"

மனிதர் சந்தோஷத்தில் இருந்தார். பையில் மிச்சமிருந்ததை அள்ளி வீசினார். அவர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நம் ஊரில் காசு இறைக்காமல் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? ஆனால் தேவாலய வாசலில் காசு உருண்டால் புல்லில் போய் நிற்கும். படகுத்துறையில் உருண்டால் எங்கே போய் நிற்கும்? பிள்ளைகள் காசைப் பார்த்தார்களே தவிர, விளிம்பைப் பார்க்கவில்லை. பெண்ணின் அக்கா மகள் ரோனா, கிளாஸ்கோவிலிருந்து வந்த சின்னப் பிள்ளை, குனிந்துகொண்டே ஓடினாள். அப்படியே போய்விட்டாள். சத்தம்கூடப் போடவில்லை.

கடல் வற்றியிருந்த நேரம். தண்ணீர் ஒரு வீட்டு உயரத்துக்குக் கீழே கிடந்தது. நாங்கள் எல்லோரும் விளிம்புக்கு ஓடி, எட்டிப் பார்த்து, கத்தினோம். யாரோ மிதவை வளையத்தை எடுத்து வீசினார்கள். அது தண்ணீரோடு வெளிப்பக்கம் போய்விட்டது. படகோட்டி நார்மன் படகை எடுக்கத் துறையின் அடுத்த முனைக்கு ஓடினான். டூகல் மட்டும் கத்தவில்லை. அவர் கைகள் இடுப்புக்குப் போயின. ஒரு வார், இரண்டாவது வார், மூன்றாவது வார். கில்ட்டை அவிழ்த்தார்!

யார் முன்னால்? போதகர் முன்னால், மணப்பெண் முன்னால், மனைவி முன்னால், ஊர்க் கிழவிகள் முன்னால். உள்ளே எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும்! ஈரக் கம்பளி எட்டு கெஜம் ஓர் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்பதும் தெரியும். அப்படியானால் அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதிக்க வேண்டியதுதானே? போடவில்லை. சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தார். ஏன் என்று அங்கே நின்ற யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

பிறகு புரிந்தது. படகுத்துறைச் சுவரில் தொங்கும் பழைய சங்கிலியிடம் பிள்ளையை நீந்திக் கொண்டுபோனார். அவளைச் சங்கிலியோடு சேர்த்துக் கில்ட்டால் சுற்றினார். வாடகைக் கில்ட்டின் வார் நீளமானது, உங்களுக்குத் தெரியும். ஒல்லி மாப்பிள்ளைக்கும் ஆக வேண்டும், தொப்பைச் சித்தப்பாவுக்கும் ஆக வேண்டும் என்று நாங்களே நீளமாக வைத்துத் தைத்தது. அந்த வாரைச் சங்கிலி வளையத்துக்குள் கோத்து இழுத்து முடிந்தார். பிள்ளையின் தலை தண்ணீருக்கு மேலே நின்றது. அவர் பேசியது மேலே எனக்குக் கேட்டது.

"இறுக்கமா இருக்கா, புள்ள?"

அவள் அழுதாள்.

"அழு, நல்லா அழு. அழுதா மூச்சு விடுறேன்னு அர்த்தம்."

அப்புறம் அவரும் அந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் பார்த்தார். விரல் மரத்துவிட்டது, பிடி நிற்கவில்லை. அவர் சுவரோரமாகவே நகர ஆரம்பித்தார். ஒரு கையால் கல்லைத் தடவிக்கொண்டே போனார். எதைத் தேடிப் போனார்? சொல்லுங்கள், ஸ்கார்விக் மக்களே, எதைத் தேடினார்? அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது?

ஏணி! இரும்பு ஏணி! நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து அந்தச் சுவரில் இருந்த ஏணி. வண்ணம் பூசுவதற்கென்று துறைமுகக் குழுவினர் கழற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அந்தக் குளிரில் அவர் மனம் எதை நினைத்ததோ தெரியாது, அவர் கை மட்டும் பழைய இடத்துக்குப் போயிற்று. அங்கே துருப்பிடித்த ஆணித் தலைகள்தான் இருந்தன. அவற்றைத் தடவினார். மறுபடியும் தடவினார். அப்புறம் அந்தக் கையைக் காணவில்லை.

நார்மன் படகோடு வந்தபோது பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். டூகலை வேறு இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

இல்லை, சின்க்ளேர் அவர்களே, நான் நிறுத்தமாட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "எஃபி, துக்கக் கூட்டம்மா இது. இன்னைக்கு ஏணிப் பேச்சு எடுக்காதே" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். அந்த ஏணிப் பேச்சை டூகல் எடுக்காத ஊர்க் கூட்டம் எது? ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "ஏணி எங்க?" என்று கேட்பார். நீங்கள், "வண்ணம் பூசப் போயிருக்கு டூகல்" என்பீர்கள். "இத்தனை நாளா என்ன வண்ணம் பூசுறீங்க, வானவில்லா?" என்று கேட்டபோது மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

அவர் செத்தபிறகு நடந்ததைக் கேளுங்கள். அன்று கைப்பேசியில் படம் பிடித்தவன் யாரோ, அவன் நாசமாய்ப் போகட்டும், போதகர் மன்னிக்க வேண்டும், டூகல் கில்ட்டை அவிழ்ப்பதையும் குதிப்பதையும் மட்டும் வெட்டி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். பிள்ளை விழுந்தது அதில் இல்லை. சங்கிலி இல்லை, முடிச்சு இல்லை. கல்யாணத்தில் குடித்துவிட்டு அம்மணமாகக் கடலில் குதித்த கிழவன்! இதைத்தான் உலகம் பார்த்தது, இதற்குத்தான் சிரித்தது. அயலூர்க்காரன் சிரித்தால் நான் பொறுத்துக்கொள்வேன். நம் மீன் கடை வரிசையில் என்ன பேச்சு கேட்டது தெரியுமா?

"கடைசியில டூகலே காட்டிட்டாரு பாத்தியா! இனி எவனும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்."

எனக்கு முன்னால் நின்றவன்தான் சொன்னான். வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்து நின்றவள் மார்சலி. கையில் பையை வைத்துக்கொண்டு நின்றாள். மீன் வாங்காமலே திரும்பிப் போனாள். சொன்னவன் பெயரை நான் இங்கே சொல்லமாட்டேன். அவனும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், கறுப்பு டை கட்டிக்கொண்டு.

இதற்குப் பிறகு துறைமுகக் குழு ஓர் அறிக்கை விட்டது. "கனமான மரபுடை அணிந்திருந்தவர் நீரில் விழுந்து, உடையின் எடையால் மூழ்கினார். குழந்தையைக் குழுவின் படகு மீட்டது." இதுதான் அறிக்கை. கில்ட் இல்லாமல் குதித்தார் என்று உலகம் சிரிக்கிறது. கில்ட்டின் கனத்தால் செத்தார் என்று குழு சொல்கிறது. இரண்டும் எப்படி ஒரே மனிதருக்கு நடக்கும்? கில்ட் அவரை மூழ்கடித்தது என்றால் பிள்ளையைச் சங்கிலியோடு கட்டி வைத்தது யாருடைய கில்ட்? குழுவின் கில்ட்டா?

இன்று காலை படகுத்துறைக்குப் போனவர்கள் ஒரு புதுப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். "கில்ட் அணிந்தவர்கள் விளிம்பருகே நிற்கக் கூடாது." சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. ஏணிக்குக் கிடைக்காத ஆணி பலகைக்குக் கிடைத்திருக்கிறது! ஏணிக்குக் கிடைக்காத ஆள் பலகைக்குக் கிடைத்திருக்கிறான்! செத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டால் ஏணியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மார்சலி, நீ என்னைப் பார்க்க வேண்டாம், நான் உன்மேல் கோபமாக இல்லை. அடக்கத்துக்கு முந்தின நாள் நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவப்பெட்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"வேண்டாம் எஃபி. கால்சட்டை போட்டாச்சு."

"யாருக்கு?"

"டூகலுக்குத்தான். வெளியூர்ப் பத்திரிகைக்காரங்க வருவாங்களாம். கில்ட்ல வச்சா மறுபடி அதையே பேசுவாங்கன்னு பெரியவங்க சொன்னாங்க. வீட்டம்மாவும் சரின்னுட்டாங்க."

இந்த ஊர் ஆண்களையெல்லாம் மடிப்புக் கலையாமல் அனுப்பிவைத்தவர், கறுப்புக் கால்சட்டையில் போனார். அவர் கால்சட்டை அணிந்து நான் பார்த்ததே இல்லை. அது அவருடையதும் இல்லை, யாரிடமோ கேட்டு வாங்கியது. இதற்குமேல் ஒரு மனிதரை எப்படி அவமானப்படுத்துவது? எதிரிகள் செய்யவில்லை. நாம் செய்தோம், அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தோம்.

நீங்கள் இப்போது எப்படி வந்திருக்கிறீர்கள் என்று உங்களையே பாருங்கள். ஸ்கார்விக்கில் ஒரு சாவு. ஊரே கூடியிருக்கிறது. ஒரு முழங்கால்கூட வெளியே தெரியவில்லை! பேக்பைப் குழுகூடக் கால்சட்டையில் வந்திருக்கிறது. யார் முதலில் சொன்னார்கள், எப்படிப் பேசி வைத்துக்கொண்டீர்கள், எனக்குத் தெரியாது. ஒருவேளை யாரும் யாரிடமும் பேசவே இல்லையோ என்னவோ. ஒவ்வொருவரும் காலையில் அலமாரியைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள். எதற்கு வெட்கப்பட்டீர்கள்? ஒரு பிள்ளை உயிரோடிருப்பதற்கா?

கிளாஸ்கோவிலிருந்து ரோனாவின் அம்மா நேற்று எனக்குப் போன் செய்தாள்.  பிள்ளை ஓயாமல் ஒன்றையே கேட்கிறாளாம். "அந்தத் தாத்தா கில்ட்டை எனக்குக் குடுத்துட்டாரே, அவருக்குக் குளிராதாம்மா?" என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டாள்.  உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அவர் அம்மணமாகத் தெரியவில்லை. குளிரில் நிற்பவராகத்தான் தெரிந்திருக்கிறார்.

கண்ணீர் விட்டுக் கலைந்து போவதற்காக நான் இங்கே வரவில்லை. நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அரசு விசாரணை அதிகாரி நம் ஊருக்கு வருகிறார். காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார். பார்த்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் போய்ச் சொல்லலாம். யாரும் போகாவிட்டால் குழுவின் அறிக்கைதான் நிற்கும். டூகல் ரேபர்ன் தன் உடையாலேயே செத்தார் என்று அரசாங்கமே முத்திரை குத்திவிடும். ஏணி வராது. அடுத்து விழுகிற பிள்ளைக்கு எந்தக் கில்ட் வரும்?

நான் போகிறேன். கடையை மூடமாட்டேன், நாளைக் காலையிலேயே திறக்கிறேன். வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கில்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் திறக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இனி நான் கேட்பேன், ஏணி சுவரில் ஏறும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். இது அவர் பெயரால் நான் எடுக்கும் உறுதி. ஆனால் அதிகாரி முன்னால் ஒருத்தி சொன்னால் அது ஒரு கிழவியின் பேச்சு. அன்று படகுத்துறையில் எண்பது பேராவது நின்றோம்!

நார்மன், நீ தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். அந்த முடிச்சை அவிழ்த்தவன் நீதான். உன் படகு குழுவின் படகு, உன் சம்பளம் குழுவின் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். உன் பிழைப்பில் மண் அள்ளிப் போட நான் வரவில்லை. உன்னைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. எல்லோரையும் பொதுவாகத்தான் கேட்கிறேன்.

அன்று பார்த்தவர்களில் யார் என்னோடு வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.

காத்திருக்கிறேன்.

தேநீர் ஆறிவிடும் என்று பார்க்கிறீர்களா? ஆறட்டும்.

ஒருவருமா இல்லை?

மார்சலி... நீ ஏன் எழுந்தாய்? உட்காரம்மா. உன்னை நான் கேட்கவில்லை. அந்த நாற்காலியை யாராவது பிடியுங்கள்.

என்ன சொன்னாய்? இன்னொரு தடவை சொல்லு. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. இருங்கள், அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அவரு அவுத்ததை நான் பாத்தேன். எதுக்கு அவுத்தாருன்னும் பாத்தேன். வெக்கத்துல அவருக்குக் கால்சட்டை மாட்டி அனுப்பிட்டேன். திங்கட்கிழமை நான் வந்து சொல்றேன்."

கேட்டதா, ஸ்கார்விக் மக்களே? நான் உட்கார்ந்துவிடுகிறேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.